எட்டிப்பள்ளத்து இரும்பு

ஆரணியில் பழைய இரும்புக் கடை நடத்தியவர்களில் பெண் என்று ஒருவர்தான் இருந்தார். பெயர் தனக்கோடி. கொசப்பாளையம் போகிற சாலையில் என் லேத்துப் பட்டறைக்கு நேர் எதிரில் அவர் கடை. தகரக் கூரைக்குக் கீழே விசைத்தறியில் உடைந்த பல்சக்கரம், தேய்ந்த தண்டு, பிளந்த வாளி, ஓடாத மோட்டார் எல்லாம் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் நிற்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படித்தான்.

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர். வீரனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்த புதிதில் தலையில் கூடையோடு தெருத்தெருவாகத் தகரம் பொறுக்கினார். பிறகு ஒரு மூன்று சக்கர வண்டி. பிறகுதான் இந்தக் கடை. வீரன் பேச்சு குறைந்த மனிதர். வண்டி, சுமை, வெளியூர் அலைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. தராசும் வாய்ப்பேச்சும் அக்காவின் பொறுப்பு.

இரும்பு வந்து இறங்கினால் அக்கா முதலில் அதை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். வார்ப்பு என்றால் மந்தமாக ஒலிக்கும், ஸ்டீல் என்றால் கணீர் என்று ஒலிக்கும். பிறகு இது எந்த மெஷினின் எந்தப் பாகம் என்று யோசிப்பார். அந்த யோசனை வியாபாரத்துக்குத் தேவையே இல்லாதது. எதுவானாலும் உலைக்குத்தான் போகப் போகிறது. ஆனால் தெரியாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. உடனே ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்துவிடுவார். நான் சொல்வதும் சில நேரம் தப்பாகத்தான் இருக்கும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வேறு யாரையாவது கேட்போம்.

தொண்ணூற்று ஏழாம் வருஷத்துக் கோடையில் அப்படி ஒரு கட்டியோடு வந்தார். மாதம் ஒரு தடவை வீரன் வாடகை டெம்போ ஒன்றைப் பிடித்து, அலுமினியப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போளூர், படவேடு பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி வருவார். பழைய இரும்பு கொடுத்தால் பாத்திரம். அந்தத் தடவை வந்த சுமையில்தான் இந்தக் கட்டி இருந்தது.

உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. என் மேஜையில் அவர் அதை வைத்தபோது மேஜையே ஒருமுறை ஆடியது. மேலே காய்ந்த புளியின் நிறம். ஈரக் களிமண்ணில் கட்டை விரலை அமுக்கி அமுக்கி எடுத்ததுபோல் எல்லாப் பக்கமும் வழுவழுப்பான பள்ளங்கள்.

"சின்னதொர, இது எந்த மெஷின்ல இருந்து வந்திச்சு?"

"மெஷின்ல இருந்து வந்த மாதிரியே தெரியலயே அக்கா. எங்கயும் ஒரு வெட்டு இல்ல, ஓட்டை இல்ல. அச்சுல ஊத்தின மாதிரியும் இல்ல."

"அப்ப கோட்டையில வெடிச்ச பீரங்கிக் குண்டா இருக்குமா? ஜாகிர்தாருங்க காலத்துது?"

"குண்டு உருண்டையா இல்ல இருக்கும்?"

"ஆமா இல்ல," என்று சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மூலையை அறுத்துப் பார்க்கலாம் என்று வைஸில் மாட்டினேன். பிளேடு பிளேடாகத் தேய்ந்துபோனதுதான் மிச்சம் என்று நினைக்கும் நேரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. அறுத்த முகம் புது வெள்ளிக் கிண்ணம்போல் பளபளத்தது. எவர்சில்வரோ என்று அக்கா சந்தேகப்பட்டார். காந்தத்தைக் காட்டினேன். டக்கென்று ஓடி ஒட்டிக்கொண்டது. இரும்புதான். ஆனால் நாங்கள் பார்த்த எந்த இரும்பும் இல்லை. அறுத்த துண்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டு, பெரிய கட்டியைக் கடையில் ஓர் ஓரமாக எடுத்து வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் உலைக்குப் போகிற லாரி வந்தது. அக்கா அன்று ஒரு சாவுக்காக வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது லாரியில் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். ஓரத்தில் இருந்த கட்டியைக் காணோம். ஏற்றுக்கூலி ஆட்கள் அதையும் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"கொட்டு லோட," என்றார் அக்கா.

லாரிக்காரர் திகைத்துப்போனார். "இன்னாம்மா வெளாடறியா? ஒத்தக் கட்டிக்காக லோட கொட்டச் சொல்றியே. எனக்கு நேரமாவுதும்மா."

"நீ கொட்டு. திரும்ப நாங்க ஏத்தறோம். உன் ஆளுங்க நெழல்ல குந்தட்டும்."

கொட்டினார்கள். அந்த வெயிலில் கொதிக்கிற இரும்பைக் குடைந்து கட்டியைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் பட்டறைக்குள் வைத்தார். பிறகு சொன்னபடியே வீரனும் அவருமாக அத்தனை இரும்பையும் லாரியில் ஏற்றினார்கள். நானும் போய்க் கை கொடுத்தேன். வீரன் கடைசிச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "அது இன்னா, அவ்ளோ முக்கியமா தனம்?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல. தெரிஞ்சிக்கினு அப்பறம் உருக்கலாம். உருக்கிட்டு தெரிஞ்சிக்க முடியாது இல்ல."

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

வேணுகோபால் சார் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். வீட்டுத் தறியில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஏதாவது உடைந்தால் என்னிடம் எடுத்து வருவார். அப்படி வந்தவர் மேஜைமேல் இருந்த அறுத்த துண்டைக் கையில் எடுத்தார். வந்த வேலையை மறந்துவிட்டார். நான் கதையைச் சொன்னேன். துண்டிலிருந்து கொஞ்சம் தூள் ராவித் தரச் சொல்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துச் சோதனைக் குழாய்களோடும் சின்னச் சின்ன பாட்டில்களோடும் வந்து இறங்கினார். அக்கா கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அமிலத்தில் கரைத்த தூளோடு அம்மோனியாவும் இன்னொரு மருந்தும் சொட்டுச் சொட்டாக விட்டார். குழாயில் செம்பருத்தி பூத்ததுபோல் சிவப்பு திரண்டது.

"இது நிக்கல், அம்மா. இரும்போட நிக்கல் நிறைய கலந்திருக்கு. மனுஷன் கலந்ததா இருந்தா ஒரு உருவம் இருக்கும், ஒரு வேலை இருக்கும். இதுக்கு ரெண்டும் இல்ல. எனக்கு என்ன தோணுதுன்னா, இது வானத்துல இருந்து விழுந்திருக்கலாம். ஆனா நான் கெமிஸ்ட்ரி ஆளு. அடிச்சுச் சொல்ல மாட்டேன். சொல்றதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்கு எழுதறேன்."

அக்கா சிரிக்கவில்லை, நம்பாமலும் இல்லை. "எழுதுங்க சார். வந்து பாக்கச் சொல்லுங்க," என்றார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சென்னையிலிருந்து நிலவியல் துறை அதிகாரி ஒருவர் வந்தார். தீபா என்று பெயர், முப்பது வயதிருக்கும். மண் ஒட்டிய பூட்ஸும் தோள்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டே நடந்து வந்துவிட்டார். கட்டியைப் பார்த்ததும் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.  பிறகு என்னிடம், அறுத்த துண்டின் முகத்தை எமரித் தாளில் கண்ணாடியாகத் தேய்த்துத் தர முடியுமா என்று கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன். வேணுகோபால் சார் கொண்டு வந்திருந்த நைட்ரிக் அமிலத்தை எரிசாராயத்தில் கலந்து, பஞ்சால் தொட்டு அந்த முகத்தில் தடவினார்.

முதலில் பளபளப்பு மங்கியது. பிறகு அந்த மங்கலுக்குள்ளிருந்து கோடுகள் எழுந்து வந்தன. பட்டை பட்டையாக, ஒன்றை ஒன்று சாய்வாக வெட்டிக்கொண்டு, துண்டின் ஓரம்வரைக்கும். கண்ணெதிரே யாரோ நெய்துகொண்டு போவதுபோல் இருந்தது. வேணுகோபால் சாரின் வாயிலிருந்து தன்னை அறியாமல் "கட்டம் விழுது பாரு" என்று வந்தது. நெசவாளி வீட்டுப் பேச்சு.

"இந்தக் கட்டத்த எந்த ஃபேக்டரியிலயும் போட முடியாதும்மா," என்றார் தீபா மேடம். "ஒரு சின்னக் கோளோட வயித்துக்குள்ள உருகின இரும்பு இது. ஆறுறதுக்கு லட்சக்கணக்கான வருஷம் இல்ல, கோடிக்கணக்கான வருஷம் எடுத்துக்கிச்சு. அவ்வளவு மெதுவா ஆறினாத்தான் இந்தக் கோடு விழும். அந்தக் கோள் ஒடைஞ்சு, துண்டு வானத்துல சுத்திக்கிட்டே இருந்து, ஒருநாள் இங்க வந்து விழுந்திருக்கு. மேல இருக்கிற விரல் பள்ளமெல்லாம் காத்துல உரசி உருகினதோட அடையாளம்."

அக்கா துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "லாரியில போயிருக்கும்," என்றார் மெல்ல. 

மேடம் அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் அக்காவின் அடுத்த பல மாதங்களை எடுத்துக்கொண்டது. இது எங்கே கிடைத்தது?

விண்கல்லுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரைத்தான் வைப்பார்களாம். இடம் தெரியாத கல், ஊர் பேர் தெரியாத அனாதைபோல. இன்னும் துண்டுகள் அங்கே இருக்கலாம். விழுந்த குழிகூட இருக்கலாம். எல்லோரும் வீரனைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். அந்தத் தடவை டெம்போ எத்தனையோ சின்னச் சின்ன ஊர்களுக்குள் புகுந்து வந்தது. யார் எதைப் போட்டார்கள் என்று யார் கவனித்தார்கள்.

"படவேட்டுக்கு அந்தாண்ட, மல ஓரமா. அவ்ளோதான் ஞாபகம் கீது."

"போதும்," என்றார் அக்கா. "நான் கேட்டுக்கறேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடையைப் பூட்டிவிடுவார். அறுத்த துண்டை ஒரு துணியில் முடிந்துகொண்டு காலை பஸ்ஸில் படவேடு போவார். அங்கிருந்து நடை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் சிதறிக் கிடக்கிற குடிசை ஊர்கள். குழாயடியில் போய் நின்று, "இந்த மாதிரி ஒரு இரும்புக் கட்டியப் போட்டுட்டு பாத்திரம் வாங்கினது யாரு?" என்று கேட்பார்.

யாரும் சுலபத்தில் வாயைத் திறக்கவில்லை. ஓர் ஊரில் அவரைப் போலீஸின் ஆள் என்று நினைத்தார்கள். இன்னோர் ஊரில், ஏதோ கோயில் சாமான் திருட்டுப் போய்விட்டது, அதைத் தேடித்தான் இந்தம்மா வந்திருக்கிறாள் என்று பேச்சு கிளம்பி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். வேறோர் ஊரில் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க வந்திருப்பதாக நினைத்துப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். திரும்பி வந்து எங்களிடம் சொல்வார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

"இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேஜார்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆரணியில கெடச்சதுன்னு எழுதிட்டுப் போகட்டுமே."

"ஆரணியில கெடைக்கலியே," என்றார்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். எட்டிப்பள்ளம் என்ற ஊர். கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் கொஞ்சம், ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு. பஸ் போகிற ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே. பம்படியில் அக்கா துணியை அவிழ்ப்பதற்குள்ளேயே ஒரு பெண் வேகமாக எங்களை நோக்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. பெயர் ராஜம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"குண்டான் குடுக்கற வண்டிக்காரங்க ஊரூரா வந்து விசாரிக்கறாங்கன்னு சொன்னாங்க, நீங்கதான அது? உங்களதான் தேடிகினு இருந்தேன். நீங்க குடுத்த குண்டான் வாங்கின வாரமே ஒழுவுது. என் கட்டி எவ்ளோ கனம் தெரியுமா?"

அக்காவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். "எந்தக் கட்டிம்மா?"

"கோழிக் கூடை மேல வெச்சிருந்தனே, அது. கீரி வந்து கூடையத் தள்ளும். அந்தக் கட்டிய வெச்சா தள்ளாது. உங்க ஆளு கேட்டாருன்னு தூக்கிக் குடுத்தேன். ஓட்டக் குண்டானக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அக்கா அந்தத் துண்டை நீட்டினார். ராஜம்மாள் வாங்கி, மேல்தோல் இருந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதான். இந்தப் பள்ளத்துலதான் என் பையன் சின்னதுல புளியங்கொட்ட வெச்சு வெளாடுவான்."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வானத்திலிருந்து விழுந்தது, கோட்டுக் கட்டம், சென்னை மேடம், ஒன்றையும் விடவில்லை. அது விலை மதிப்புள்ள பொருள் என்பதையும் மறைக்கவில்லை. நானாக இருந்தால் அந்த ஒன்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருப்பேன். ராஜம்மாள் கேட்டுவிட்டு, "மொதல்ல குண்டானுக்கு ஒரு வழி பண்ணுங்க," என்றார். அடுத்த ஞாயிறு அக்கா ஆரணி பஜாரில் இருந்ததிலேயே கெட்டியான பித்தளைக் குண்டான் ஒன்றைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு பெண்களும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.

கட்டியை முதலில் எடுத்தவர் ராஜம்மாளின் மாமனார். கூலிக்கு ஏர் ஓட்டப் போன இடத்தில் கொழுவில் மாட்டியிருக்கிறது. அந்த நிலம் இப்போது கரம்பாகக் கிடந்தது. அதற்கு மேற்கே, வட்டமாக ஒரு பெரிய பள்ளம். ஊரில் அதற்கு இடிப்பள்ளம் என்று பெயர். இடி விழுந்து ஆன பள்ளம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதன் விளிம்பில் நின்றபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அக்கா பள்ளத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "இதான் சின்னதொர. இங்கதான் எறங்கியிருக்குது," என்றார்.

தீபா மேடத்துக்குத் தகவல் போனது. அவர் ஆட்களோடு வந்து மூன்று நாள் தங்கி அந்தப் பள்ளத்தைத் தோண்டினார், அளந்தார், கல்லை உடைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அது விண்கல் விழுந்த குழி இல்லை. மலையிலிருந்து வரும் மழைநீர் இளகிய பாறையை அரித்து அரித்து உண்டாக்கியது.

"பெரிய கல்லு விழுந்தா வேற மாதிரிம்மா. ஒரு மல அளவு இரும்பு வந்தா, காத்து அதத் தடுத்து நிறுத்தாது. துப்பாக்கிக் குண்ட விடப் பல மடங்கு வேகம். தரையில மோதின நொடியில வெடிக்கும். வந்த இரும்புல முக்கால்வாசி ஆவியாவும் துளியாவும் போயிடும். அமெரிக்காவுல ஒரு பாலைவனத்துல அப்படி ஒரு குழி, ஒரு கிலோமீட்டருக்கு மேல அகலம். அடியில இருக்கிற பாறை மேல வந்து மடங்கிக் கிடக்கும். மண்ணு உருகிக் கண்ணாடியா ஆகியிருக்கும். இங்க அதுல ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எங்க கட்டி?" என்றார் ராஜம்மாள்.

"சின்னது காத்துல வேகம் கொறைஞ்சு, மேல இருந்து போட்ட கல்லு மாதிரி தொப்புன்னு விழும். ஒரு முழம், ரெண்டு முழம் ஆழத்துக்குக் குழி பறிச்சிருக்கும். நாலு மழைக்கு அது மூடிக்கும். அதுக்கு மேல ஏர் ஓட்டிட்டாங்க. இனிமே அந்தக் குழிய யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

 இடிப்பள்ளத்துக்குப் பெரிய பேர் வரப் போகிறது என்று ஊரே திருவிழாபோல் காத்திருந்த நேரம் அது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏமாந்து போயிருந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்டது இதுதான்: "குழி மூடிக்கிச்சு, சரி. கூட விழுந்த துண்டு இருந்தா அது எங்கயும் போவாது இல்ல மேடம்?"

"போவாதும்மா."

அடுத்த வாரம் அக்கா பழைய ஸ்பீக்கர் காந்தங்களோடு எட்டிப்பள்ளம் போனார். இரும்புக் கடைக்காரர்களுக்கு அது சாதாரண சாமான். ஒரு மூங்கில் கழியின் நுனியில் காந்தத்தைக் கட்டி, நிலத்துக்கு ஒரு விரல் மேலே பிடித்துக்கொண்டு நடப்பது. அவர் ஒரு கழி, ராஜம்மாள் ஒரு கழி. கரம்பு நிலத்தை வரப்பிலிருந்து வரப்புக்கு, நாற்று நடுகிறவர்கள்போல வரிசை பிடித்துத் தேடினார்கள். வாராவாரம். ஆணி வந்தது, மாட்டு லாடம் வந்தது, உடைந்த அரிவாள் வந்தது, எப்போதோ தொலைந்த ஒரு கொழுமுனை வந்தது. ராஜம்மாளின் வீட்டு மூலையில் சின்ன இரும்புக் கடையே உருவாகிவிட்டது. அக்கா அதையும் எடை போட்டு எடுத்துக்கொண்டார்.

பங்குனி வெயிலில் ஒருநாள், ஓடைக் கரையை ஒட்டி ராஜம்மாளின் காந்தத்தில் ஒன்று ஒட்டியது. புளியம்பழ நிறம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலும் விரல் வைத்த பள்ளம் இருந்தது, எறும்பு விரல் வைத்ததுபோல. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது இருவரின் முகமும் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. தேய்த்து, அமிலம் தடவிப் பார்த்தோம். அதே கட்டம்.

தீபா மேடம் டெலிபோனில் சிரித்த சிரிப்பு பட்டறைக்கு வெளியே கேட்டிருக்கும்.

செய்தி பரவியது. பெங்களூர் பக்கமிருந்து காரில் ஒருவர் வந்து, கட்டியைச் சத்தமில்லாமல் தனக்குத் தந்துவிட்டால் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வெளிநாட்டில் இதைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அக்கா ராஜம்மாளுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, அவர் எதிரிலேயே அந்த மனிதரைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். ராஜம்மாள் கேட்டுவிட்டு, "அங்க போனா இதுக்கு எங்க ஊர் பேரு இருக்குமா?" என்றார். வந்தவர் மழுப்பினார். இருவரும் எழுந்துகொண்டார்கள். ராஜம்மாளுக்கு அந்த வருமானம் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் முடிவை அவரிடம் விட்டார் என்று நினைக்கிறேன்.

கட்டியை அரசாங்கத்தின் கையில் ஒப்படைக்கும் நாளில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். பட்டு வியாபாரி தனசேகரன் முன்னின்று நடத்தினார். நல்ல மனிதர். ஊர்மேல் உயிர். மேடையில் அவர் மேடத்திடம் கேட்டுக்கொண்டார்: "இதுக்கு ஆரணின்னு பேர் வைக்கணும். பட்டுன்னா ஆரணி. இனிமே வானத்துக் கல்லுன்னாலும் ஆரணின்னு உலகம் சொல்லணும்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்காவைப் பேசச் சொன்னார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர். அதைக் கழி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி சொல்றதுல தப்பு இல்ல. எனக்கும் ஆரணிதான் சோறு போடுது. ஆனா ஆரணிக்குப் பட்டு இருக்குது, கோட்ட இருக்குது, எல்லாருக்கும் தெரியும். எட்டிப்பள்ளம்னு பஸ்ஸு போர்டுல கூட எழுதல. அங்க இருக்கிறவங்க யாரு கேட்டாலும் படவேடு பக்கம்னுதான் சொல்லிக்கறாங்க. கல்லு அங்கதான் விழுந்துது. அத இந்தம்மாதான் வெச்சிருந்துது." முன் வரிசையில் இருந்த ராஜம்மாளைக் காட்டினார். "நான் நடுவுல வாங்கின கடக்காரி. அவ்ளோதான்."

தனசேகரன் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்துபோய், அக்காவுக்குப் போர்த்த வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்து, "ரெண்டா கொண்டு வந்திருக்கணும்," என்று சொல்லி ராஜம்மாளுக்குப் போர்த்தினார். இன்னொன்றுக்குக் கடைக்கு ஆள் ஓடியது.

கட்டி கல்கத்தாவில் இருக்கும் நிலவியல் துறைத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. எட்டிப்பள்ளம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டு அறிவிப்பு வர அதன் பிறகு வெகுநாள் ஆயிற்று. இரண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ, சரியாக நினைவில்லை. அக்கா அன்றைக்கே எட்டிப்பள்ளம் போனார். அங்கே அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவர் வேறொரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய குழி ஒண்ணு பாக்கணும் சின்னதொர. ராஜம்மாளும் பாக்கணும்னுது. அந்த மேடம் சொல்லிச்சே, நம்ம நாட்டுலயே ஒண்ணு கீதுன்னு."

லோனார். மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. வேணுகோபால் சார்தான் ரயிலையும் பஸ்ஸையும் விசாரித்து வழி சொன்னார். இரண்டாயிரத்து நாலு தை மாதம் அக்கா, வீரன், ராஜம்மாள், நான் நான்கு பேரும் புறப்பட்டோம். மொழி தெரியாது. சோறு கிடைக்காமல் ரொட்டியைத் தின்றோம். ஒரு பஸ் நிலையத்தில் வீரன் தப்பான பஸ்ஸில் ஏறிவிட, ராஜம்மாள் சத்தம் போட்டு இறக்கினார். லோனார் ஊர் சாதாரண ஊர். கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தோம். அவ்வளவுதான், நிலம் திடீரென்று முடிந்துவிட்டது.

காலடியில் ஓர் உலகமே இறங்கிக் கிடந்தது. எதிர்க் கரையில் மேயும் மாடுகள் எறும்புபோலத் தெரிந்தன. சுற்றிலும் கோடு போட்டாற்போல் வட்டம். அடியில் பச்சைத் தண்ணீர், அதைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் பாழடைந்த கோயில்கள். எட்டிப்பள்ளத்தில் நாங்கள் பார்த்து மயிர்க்கூச்செறிந்த பள்ளத்தை இதற்குள் எத்தனை தடவை போட்டாலும் நிரம்பாது.

ராஜம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுவும் இரும்புதானா?" என்று கேட்டார்.

"கல்லா இரும்பான்னு இன்னும் முடிவு தெரியாதுன்னு மேடம் சொல்லிச்சு," என்றார் அக்கா. "வந்தது எதுவும் மிச்சம் இல்லியாம். குழி மட்டும்தான் கீது."

"நமக்குக் கல்லு கெடச்சுது, குழி இல்ல. இவங்களுக்குக் குழி கெடச்சுது, கல்லு இல்ல," என்றார் வீரன். அந்தப் பயணம் முழுக்க அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

சரிவில் இறங்கினோம். வழி செங்குத்து. ராஜம்மாளின் கையை அக்கா பிடித்துக்கொண்டார். தண்ணீர் ஓரம் போனதும் அக்கா ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உவர்ப்பு. கரையோரம் முழுக்கக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் கையில் வைத்திருந்த காந்தத்தில் காட்டிக்கொண்டே போனார். ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை, திரும்ப அதே இடத்தில் வைத்தார். வெயில் சாயும்வரைக்கும் நாங்கள் அங்கேயே இருந்தோம். மேலே ஏறும்போது மூச்சு வாங்க நின்றவர், "இவ்ளோ பெருசா அடி வாங்கிகினும் சுத்தி ஊரு முளைச்சிருக்குது பாரு," என்றார்.

அதன் பிறகு அக்கா எங்கும் பயணம் போகவில்லை. கடை நடந்தது. ஆனால் ஒரு புது வேலை சேர்ந்துகொண்டது. வயலில் கறுப்பாக, கனமாக எது கிடைத்தாலும் ஜனங்கள் அவரிடம் எடுத்து வரத் தொடங்கினார்கள். போளூரிலிருந்து வருவார்கள், செய்யாறிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து வருவார்கள். பெரும்பாலும் உலைக் கசடு, இல்லாவிட்டால் மலைக் கல். அக்கா ஒருவரையும் பார்த்ததும் திருப்பி அனுப்பியதில்லை. காந்தம் வைத்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் என் பட்டறைக்கு அனுப்பித் தேய்க்கச் சொல்வார். அதற்கு அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. என்னையும் வாங்க விடவில்லை.

போன மாதம் ஒரு விவசாயி மனைவியோடு வந்திருந்தார். சாக்கில் சுற்றிய கல்லைக் குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். அது கசடு என்று எனக்கு ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. அக்கா பொறுமையாக எல்லாச் சோதனையும் செய்து முடித்தார். பிறகு, "இது அது இல்லீங்க," என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். குமிழ் குமிழாக ஓட்டை இருப்பதை, காந்தத்தில் ஒட்டாததை. இரண்டு பேரின் முகமும் வாடியது. அக்கா டீ வாங்கி வரச் சொன்னார். உங்கள் நிலம் எந்தப் பக்கம், மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அந்த அம்மாளின் கையில் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைக் கொடுத்து, எப்படிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று ரோட்டிலேயே நடந்து காட்டினார்.